கழட்டுற ரூம்

சத்யப்பிரியா ஒரு தப்பு செய்ய வேண்டும். சின்னத் தப்பு போதும். கையுறையை உருவும்போது விரல் மணிக்கட்டில் பட்டால் போதும். கண்ணுக்குப் போட்ட கண்ணாடியை எடுக்கும்போது நெற்றியைத் தொட்டால் போதும். அதைப் பார்ப்பதற்காகத்தான் சந்தனமாரி தினமும் மண்ணூரிலிருந்து ஆஸ்பத்திரி வேன் ஏறி வந்துகொண்டிருந்தாள். சம்பளம் கொடுப்பவர்கள் அவளை வேறு காரணத்துக்காக வரச் சொல்லியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரி தண்டலம் தாண்டி, பெங்களூர் ரோட்டை ஒட்டி இருந்தது. ஊர் முழுக்க அடைத்துக் கிடந்த அந்த இரண்டாவது அலையில் ரோட்டில் ஆம்புலன்ஸும் ஆக்சிஜன் லாரியும் கம்பெனி பஸ்ஸும்தான் ஓடின. கம்பெனி பஸ்ஸில் போனவர்கள் பலர் அடுத்த வாரம் ஆம்புலன்ஸில் வந்து இறங்கினார்கள். மூன்றாவது மாடி முழுவதும் கொரோனா வார்டு. உள்ளே போக ஒரு கதவு, வெளியே வர வேறு கதவு. வெளியே வரும் கதவுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஓர் அறை. அதற்குக் காகிதத்தில் ஏதோ பெயர் போட்டிருந்தார்கள். நர்ஸிலிருந்து கூட்டுகிறவர் வரை எல்லோரும் அதைக் கழட்டுற ரூம் என்றார்கள்.

சுவர் உயரத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று. மூடி போட்ட மஞ்சள் தொட்டிகள். காலால் மிதித்தால் கையில் மருந்து பீய்ச்சும் ஸ்டாண்ட். தரையில் மஞ்சள் டேப் ஒட்டி ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் மாஸ்க்கும் முகத்தடுப்பும் போட்டுக்கொண்டு சந்தனமாரி நிற்க வேண்டும். உள்ளே வேலை முடித்து வருகிறவர்கள் வெள்ளை உடுப்பைக் கழற்றும்போது ஒவ்வொரு படியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். உடுப்பின் வெளிப்புறம் அவர்கள் உடம்பில் படாமல் பார்க்க வேண்டும். பட்டுவிட்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பட்டவரை அன்றைக்கே தனிமைக்கு அனுப்பிவிட்டு வேறு ஆளை உள்ளே போடுவார்கள்.

"உள்ள இருக்கும்போது நம்ம ஆளுங்க ஜாக்கிரதையாத்தான் இருக்காங்க சிஸ்டர். வெளிய வந்து, அப்பாடான்னு கழட்டுறாங்க பாருங்க, அங்கதான் வாங்கிக்கிறாங்க," என்று டாக்டர் பிரசன்னா அந்த வேலையைக் கொடுக்கும்போது சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒருவர் நோய் இன்னொருவருக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது அந்த டாக்டரம்மாவின் பொறுப்பு. "உங்கள மாதிரி கறாரான ஆள்தான் அங்க நிக்கணும்."

சந்தனமாரிக்கு அது பாராட்டாகத் தெரியவில்லை. அந்த மாடிக்கு அவள்தான் பல வருஷமாக இன்சார்ஜ். மற்ற நர்ஸுகள் தேடித் தேடிக் கைவிட்ட நரம்பை அவள் தடவிப் பார்த்தே பிடித்துவிடுவாள். கொரோனா வார்டு ஆரம்பித்தபோது எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவளுக்குச் சர்க்கரை என்று வந்தது. சர்க்கரை இருக்கிறவர்கள் உள்ளே போகக் கூடாது. அவள் நாற்காலியில் சத்யப்பிரியாவை உட்கார வைத்தார்கள். வாலாஜாபாத் பக்கத்துப் பெண், கல்யாணமாகவில்லை, சந்தனமாரியிடம்தான் வேலை பழகியவள். குணமாகிப் போன ஒருவர் மகன், மூன்றாவது மாடி தெய்வங்கள் என்று ஒரு படம் போட்டு வாட்ஸ்அப்பில் விட்டான். படத்தில் நடுவே சத்யா நின்றாள். சந்தனமாரி அதில் இல்லை. கோட்டுக்கு வெளியே நிற்கிறவளை யார் படம் பிடிப்பார்கள்?

அதுவரைக்கும்கூட அது வேலைப் பொறாமையாக இருந்தது. பொறுத்துக்கொண்டு போயிருக்கலாம். அப்புறம் அவள் புருஷன் சண்முகசுந்தரம் அந்த வார்டுக்கே வந்து சேர்ந்தான்.

அவனுக்கு இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனியில் பெயின்ட் அடிக்கிற வேலை. இருவருக்கும் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். வாயைத் திறந்தால் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத ஆள். காய்ச்சல், இருமல், அப்புறம் மூச்சு. மூன்றாவது மாடியில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. சந்தனமாரிக்கும் அந்தக் கட்டிலுக்கும் நடுவே இரண்டு கதவும் ஒரு நடையும் மட்டும்தான். போக முடியாது. தினமும் மத்தியானம் வீடியோவில் பேசுவான்.

"சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன் மாரி. சத்யா சிஸ்டர்தான் இட்லியப் பிச்சுப் பிச்சுக் குடுத்துச்சு. தங்கமான புள்ள."

"மூச்சு எப்படி இருக்கு?"

"பரவால்ல. குப்புறப் படுக்கச் சொல்லுதாவ. அந்தப் புள்ள முதுகத் தட்டிவிடுது. தட்டுனா சுகமாத்தான் இருக்கு."

அந்த முதுகு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் நல்லெண்ணெய் வைத்து அழுத்தித் தேய்த்த முதுகு. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவன் சுகமாக இருக்கிறது என்று சொன்னதில்லை. சந்தனமாரி போனை வைத்துவிட்டு இரண்டு மாத்திரை சர்க்கரைக்குப் போட்டாள். ஒன்றுதான் போட வேண்டும்.

டாக்டர் பிரசன்னாவிடம் போய் நின்றாள். "மேடம், எனக்கு ரெண்டு ஊசியும் போட்டாச்சு. சுகர் கன்ட்ரோல்ல இருக்கு. என்னை உள்ள விடுங்க."

"உங்க வீட்டுக்காரர் இருக்காருன்னு கேக்குறீங்க."

"வேலை பாக்கத்தான் கேக்குதேன்."

"இப்ப ஆள் இருக்காங்க சிஸ்டர். யாராவது குறைஞ்சா உங்களத்தான் முதல்ல கூப்பிடுவேன். போதுமா?"

போதும். யாராவது குறைய வேண்டும். யார் குறைய வேண்டும் என்று சந்தனமாரி அந்த அறையை விட்டு வெளியே வருவதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

பொய் சொல்லி ஒருத்தியைக் கீழே தள்ளுகிற ஆள் இல்லை அவள். தப்பை உண்டாக்கவும் மாட்டாள். நடக்கிற தப்பைக் கண்ணில் படாமல் விடமாட்டாள், அவ்வளவுதான். அதில் என்ன குற்றம்? சம்பளமே அதற்குத்தானே.

உள்ளே போகிறவர்கள் எல்லோரும் அந்த உடுப்பில் ஒரே மாதிரி இருப்பார்கள் என்பதால் நெஞ்சிலும் முதுகிலும் மார்க்கரால் பெயர் எழுதியிருப்பார்கள். கதவு திறந்து வெள்ளை உருவம் வரும்போது சந்தனமாரி முதலில் நெஞ்சைப் பார்ப்பாள். வேறு பெயராக இருந்தால் தோள் தளரும். சத்யா என்று இருந்தால் கோட்டின் விளிம்புக்கு வந்து நிற்பாள்.

"செருப்பு உறை. குனியாத, மத்தக் காலால மிதிச்சு உருவு. கைக்கு மருந்து. மேல் கையுறை. வெளிப்பக்கம் தொடாத. மருந்து. பத்தல, மறுபடியும். விரல் சந்துல போகல. முட்டி வரைக்கும் தேயி."

"முட்டி வரைக்கும் எங்க சிஸ்டர் போட்டிருக்கு?" என்றாள் சத்யா.

"நான் போட்டிருக்கேன். தேயி."

சத்யா தேய்த்தாள். மற்றவர்கள் இரண்டு நிமிஷத்தில் தாண்டுவதைச் சத்யாவுக்கு நாலு மடங்கு இழுப்பாள் சந்தனமாரி. கண்ணாடியை எடுக்கும்போது பட்டையைப் பின்னாலிருந்து பிடிக்கவில்லை என்று நிறுத்துவாள். உடுப்பை உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டும்போது, இடுப்புக்குக் கீழே ஒரு மடிப்பு சரியில்லை என்பாள். உள்ளே இருந்த நேரமெல்லாம் தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போகாமல் வேர்த்து ஊறி வரும் பெண், வாயைத் திறக்காமல் சொன்னதைச் செய்வாள். முதல் சில நாள் தப்பு வந்தது. சின்னத் தப்பு, டாக்டரிடம் போகிற அளவுக்கு இல்லை. போகப் போக அதுவும் வரவில்லை. கடைசியில் சந்தனமாரி வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சத்யாவின் கை அடுத்த படிக்குப் போயிருக்கும். சந்தனமாரிக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வார்டில் அவளுக்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தது கங்கா.

கங்கா வார்டில் கூட்டித் துடைத்து, நோயாளிகளுக்குப் பெட்பேன் வைக்கிறவள். மண்ணூர்க்காரி. சந்தனமாரி ஊரிலிருந்து முதன்முதலாக இந்தப் பக்கம் வந்தபோது வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்தவள் அவள்தான். அந்த ஆஸ்பத்திரியில் சந்தனமாரி சிரித்துப் பேசுகிற ஒரே ஆள். ஆள் பற்றாக்குறையில் ஒருவர் ஒருவராகக் கழட்டுவது என்ற விதி தளர்ந்து இரண்டு பேராகிவிட்டது. கங்காவின் ஷிஃப்டும் சத்யாவின் ஷிஃப்டும் ஒன்று. இருவரும் ஒன்றாக வருவார்கள். சத்யா கண்ணாடி முன்னால் நிற்பாள். கங்கா பின்னால், தொட்டிப் பக்கம்.

"இன்னா மாமியார், இன்னைக்கு மருமவ பாஸா, பெயிலா?" என்பாள் கங்கா உடுப்புக்குள்ளிருந்து.

"வாயப் பொத்திட்டுக் கழட்டுட்டி," என்பாள் சந்தனமாரி திரும்பாமல்.

"எனக்கு யாரு சொல்லித் தருவா? எனக்கும் முட்டி வரைக்கும் சொல்லேன்."

"ஒனக்குத் தெரியாதா? கழட்டு."

மத்தியானம் மாடிப்படியில், ஆளுக்கு ஒரு படி விட்டு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கேதான் உள்ளே நடந்ததெல்லாம் சந்தனமாரிக்குக் கிடைக்கும். கங்கா உப்பும் காரமும் போட்டுச் சொல்வாள்.

"உன் வூட்டுக்காரரு இன்னைக்கு சத்யாகிட்ட கதை சொல்லிகினு கீறாரு."

"அவரா? கதையா?"

"ஆமாங்கறேன். சின்ன வயசுல கெணத்துல குதிச்சாராமே, துண்டு அவுந்துச்சாமே. அது சிரிக்குது. மாஸ்க் உள்ள சிரிக்குறது எங்க தெரியுது, ஆனா வயிறு குலுங்குது."

கிணற்றுக் கதை சந்தனமாரிக்குத் தெரியாது. கல்யாணமான நாளாக அவன் சொன்னதில்லை. சோற்றை மூடி வைத்தாள்.

"இன்னாக்கா, துன்னு. நான் சும்மா சொன்னேன்."

"சும்மா சொன்னியா?"

"இல்ல, சொன்னது நெசந்தான்," என்று கங்கா கண்ணைச் சிமிட்டினாள். சாப்பிடுவதற்கு முன்னால் கையைக் கழுவிவிட்டு, ஜாக்கெட்டுக்குள்ளிருந்து மஞ்சள் கயிற்றை இழுத்துத் தாலியை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

தாலி விஷயத்தில் ஆஸ்பத்திரியில் பெரிய ரகளையே நடந்திருந்தது. வளையல், மோதிரம், கம்மல் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னபோது யாரும் எதிர்க்கவில்லை. தாலி என்றதும் எல்லாப் பெண்களும் ஒன்றாகிவிட்டார்கள். புருஷன் உயிரோடு இருக்கும்போது, அதுவும் இந்தக் காலத்தில், கழற்றுவதாவது? டாக்டர் பிரசன்னா கடைசியில், கயிற்றை உள்ளே தள்ளி ஊக்கு குத்திக்கொள்ளுங்கள், வெளியே மட்டும் எடுக்காதீர்கள் என்று ஒப்புக்கொண்டார். அந்த அம்மா கழுத்திலும் ஒன்று இருந்தது.

"ஒம் புருசன் போன வாரமும் ஒன்ன வெளிய தள்ளிக் கதவடச்சான். அவனுக்கு இந்த மரியாத வேறயா?" என்றாள் சந்தனமாரி.

"தே, அந்தாளுக்கு யாரு ஒத்துனா? உள்ள போய் உசுரோட வெளிய வர்றோம்ல, அதுக்கு. வந்தவுடனே ஒரு வாட்டி ஒத்திக்குனாதான் எனக்கு நெஞ்சு படபடப்பு அடங்குது."

சந்தனமாரி சிரித்தாள். வந்தவுடனே என்றால் எப்போது என்று கேட்கவில்லை. அவள் மனசு கிணற்றில் கிடந்தது.

ஒரு நாள் காலையில் சண்முகசுந்தரத்துக்கு ஆக்சிஜன் இறங்கியது. கதவுக்கு உள்ளே காலடிகள் ஓடின. யாரோ சிலிண்டரை உருட்டினார்கள். சந்தனமாரிக்குக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஒரு தடவை கதவின் கைப்பிடியைத் தொட்டாள். எடுத்துவிட்டாள். ஷிஃப்ட் முடிகிற நேரம் வந்தும் சத்யா வரவில்லை. நேரம் ஓடியது. கடைசியில் கதவு திறந்தபோது நெஞ்சில் சத்யா என்று எழுதிய உருவம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே கங்கா.

"சார் இப்ப பரவாயில்ல சிஸ்டர்," என்றாள் சத்யா. குரல் கம்மியிருந்தது. "ரொம்பப் பயந்துட்டார். என் கையப் பிடிச்சிட்டு விடவே இல்ல. அதான் லேட்டு."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். சந்தனமாரிக்கு அந்தக் கைதான் தெரிந்தது. நீலக் கையுறை போட்ட வலது கை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் பயம் தீர்ந்திருக்கிறது. இன்றைக்கு இவள் நிற்கக்கூட முடியாமல் ஆடுகிறாள். இன்றைக்குக் கட்டாயம் தப்பு வரும். சந்தனமாரி கோட்டை மிதித்துக்கொண்டு நின்றாள்.

"செருப்பு உறை."

செய்தாள்.

"மேல் கையுறை. கண்ணாடி."

கண்ணாடியை எடுத்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்து மாஸ்க்குக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ளக் கை உயரும் என்று சந்தனமாரி காத்திருந்தாள். கை உயரவில்லை. கண்ணீரை அப்படியே விட்டுவிட்டு ஜிப்பை இறக்கினாள் சத்யா. தோளை உரித்தாள். சுருட்டினாள். தொட்டியில் போட்டாள். மருந்து. உள் கையுறை. மருந்து. ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை.

"அக்கா, நான் முடிச்சிட்டேன். போவட்டா?" என்றாள் கங்கா பின்னாலிருந்து.

"போ, போ," என்றாள் சந்தனமாரி. அவள் கண் சத்யாவின் மாஸ்க் பட்டையில் இருந்தது. பட்டையும் சரியாகத்தான் வந்தது.

சில நாள் கழித்துக் கங்காவுக்குக் காய்ச்சல். அவள் தடுப்பூசிக்குப் பயந்து தள்ளிப் போட்டவள். டெஸ்டில் கொரோனா என்று வந்துவிட்டது. மறுநாள் மூச்சு வாங்கியது. கூட்டித் துடைத்த வார்டிலேயே அவளுக்குக் கட்டில் போட்டார்கள்.

டாக்டர் பிரசன்னா சந்தனமாரியையும் சத்யாவையும் அறைக்குக் கூப்பிட்டார். கழட்டுற ரூமில் ஒரு கேமரா இருந்தது. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் மறந்தும் போயிருந்தார்கள். கம்ப்யூட்டரை இவர்கள் பக்கம் திருப்பி ஓடவிட்டார்.

படத்தில் கங்கா தொட்டிப் பக்கம் நின்று உடுப்பை உரித்துப் போடுகிறாள். கண்ணாடியை முன்னாலேயே எடுத்தாயிற்று. உள் கையுறை இன்னும் கையில். அந்தக் கையாலேயே கழுத்துக்குள் விட்டுக் கயிற்றை வெளியே இழுக்கிறாள். தாலியை வலது கண்ணில் ஒற்றுகிறாள். இடது கண்ணில் ஒற்றுகிறாள். பொறுமையாக, கோயிலில் கற்பூரம் ஒற்றுகிற மாதிரி. உள்ளே விட்டுவிட்டு அப்புறம்தான் கையுறையைக் கழற்றுகிறாள்.

டாக்டர் வேறு நாளைப் போட்டார். அதே தாலி, அதே கையுறை. இன்னொரு நாள். அன்றைக்கும்.

"இதனாலதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். உள்ள எங்கயும் வந்திருக்கலாம்," என்றார் டாக்டர். "நான் காட்ட நினைச்சது இது இல்ல. உங்களப் பாருங்க சிஸ்டர்."

சந்தனமாரி தன்னைப் பார்த்தாள். எல்லா நாளும் அவள் கோட்டின் விளிம்பில் கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு சத்யாவைப் பார்த்து நின்றாள். கங்கா பக்கம் எப்போதும் அவள் முதுகுதான் இருந்தது. தெருநாயின் வாயில் எலும்பைப் பார்த்த இன்னொரு நாய் இப்படித்தான் நிற்கும்.

"ரெண்டு பேர் கழட்டுறாங்க. நீங்க ஒருத்தரத்தான் பாக்குறீங்க. ஏன்?"

சத்யா முந்திக்கொண்டு சொன்னாள்: "என்னை மாட்டிவிடப் பாத்தாங்க மேடம். எல்லாருக்கும் தெரியும்."

"மாட்டுனீங்களா?"

"இல்ல மேடம்."

"இல்ல. நானும் எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டேன். இந்த மாடியிலயே சுத்தமா கழட்டுறது நீங்க ஒருத்தர்தான்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். களைத்துப் போயிருந்தார். "அதனால நாளையிலேருந்து நீங்க வெளிய நில்லுங்க சத்யா. எல்லாரையும் பாருங்க. சந்தனமாரி சிஸ்டர், உங்களால வெளிய நிக்க முடியாது. எனக்கு உள்ள ஆள் இல்ல. சுகரப் பாத்துக்கிட்டு உள்ள போங்க."

"நான் எதுக்கு மேடம் வெளிய நிக்கணும்? தப்பு பண்ணது அவங்க," என்றாள் சத்யா. முகம் சிவந்துவிட்டது. "என் பேஷன்ட்ஸ் இருக்காங்க உள்ள."

"எல்லாரும் என் பேஷன்ட்ஸ். போங்க."

வெளியே வந்ததும் சத்யா அவள் முகத்துக்கு நேரே சொன்னாள்: "கேட்டது கெடச்சிடுச்சுல்ல சிஸ்டர். நல்லா இருங்க."

கிடைத்துவிட்டது. மறுநாள் காலையில் சந்தனமாரி உடுப்பைப் போட்டுக்கொண்டாள். யாரோ நெஞ்சிலும் முதுகிலும் மார்க்கரால் மாரி என்று எழுதினார்கள். மார்க்கர் முனை தோளெலும்பில் ஊர்ந்தபோது அவளுக்குப் புதுச்சேலை கட்டின மாதிரிதான் இருந்தது. கங்காவின் நினைப்பு வந்து அதைக் கலைத்தது. நேராக ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனாள்.

சண்முகசுந்தரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, ஆனாலும் கண்ணில் தெளிவு இருந்தது. வெள்ளை உருவத்தை மேலும் கீழும் பார்த்தான். நெஞ்சில் எழுதியிருந்தது அவன் கண்ணில் படவில்லை.

"சத்யா சிஸ்டர் இன்னைக்கு வரலியா?"

"வரல. நான்தான்."

குரலில் அடையாளம் கண்டு ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளேயே சிரித்தான். "மாரியா? நீ எப்படி உள்ள வந்த?" அப்புறம் சும்மா இருந்திருக்கலாம். "அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?"

"குத்துக்கல்லு மாதிரி இருக்கா. குப்புறப் படுங்க."

படுத்தான். அவள் முதுகைத் தட்டினாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள். "மெல்ல," என்றான். சுகமாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

கங்காவின் கட்டில் அதே வரிசையின் கடைசியில். மூக்கில் குழாய். பேச்சுக்குப் பேச்சு இளைத்தாள். சந்தனமாரியின் நெஞ்சில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இன்னாக்கா, உள்ள வந்துட்டியா? என்னைப் படுக்க வெச்சிட்டுத்தான் வருவேன்னு இருந்தியா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். யாரும் அவளுக்கு வீடியோவைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. சந்தனமாரி பெட்பேனை எடுத்துக் கழுவி வைத்தாள். கங்காவின் வாயைத் துடைத்துவிட்டாள். கங்கா கழுத்தைத் தடவிக் கயிற்றைத் தேடினாள். எக்ஸ்ரே எடுக்கும்போது கழற்றி ஒரு கவரில் போட்டிருந்தார்கள்.

"கெடக்கட்டும்," என்றாள் சந்தனமாரி. "வீட்டுக்குப் போம்போது வாங்கிக்கலாம்."

"போவனா?"

"போவ. நேத்தைக்கு இன்னைக்கு ஆக்சிஜன் ரெண்டு பாயிண்ட் ஏறியிருக்கு."

அது உண்மை. உண்மையாக இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பாள்.

ஷிஃப்ட் முடிந்து அவள் கழட்டுற ரூமுக்கு வந்தபோது சுவர்க் கண்ணாடிக்குள் முதலில் சத்யாதான் தெரிந்தாள். மஞ்சள் கோட்டை மிதித்துக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். சந்தனமாரிக்கு அந்த நிற்பைத் தெரியும். கம்ப்யூட்டரில் பார்த்திருந்தாள்.

"செருப்பு உறை. குனியாதீங்க. மருந்து. பத்தல, மறுபடியும். முட்டி வரைக்கும்."

சந்தனமாரி மறுபடியும் தேய்த்தாள். கூட வந்த இன்னொரு பெண்ணைச் சத்யா கதவுக்கு உள்ளேயே நிறுத்தி வைத்திருந்தாள். ஒருவர் முடித்துத்தான் அடுத்தவர் என்று புது விதி போட்டிருக்கிறாள் போலிருக்கிறது.

மேல் கையுறை போயிற்று. கண்ணாடி போயிற்று. உடுப்பை உரித்துச் சுருட்டித் தொட்டியில் போட்டாள். உடம்பில் காற்றுப் பட்டது. காலையிலிருந்து முதல் முறையாக முழு மூச்சு வந்தது. புருஷன் உட்கார்ந்துவிட்டான், கங்காவுக்கு ஏறியிருக்கிறது, தானும் உள்ளே போய் நடந்து வெளியே வந்தாயிற்று. எதையும் யோசிக்கவில்லை. கை தானாகக் கழுத்துக்குள் போய்க் கயிற்றை இழுத்தது.

"கை!"

அறை அதிர்ந்தது. கண்ணாடியில் சந்தனமாரி தன்னைப் பார்த்தாள். உள் கையுறை போட்ட விரல்களுக்கு நடுவே தாலி, வலது கண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே நின்றது.

"அப்படியே கீழ விடுங்க. கைய உடம்பவிட்டு நீட்டுங்க. மருந்து. கையுறைய உருவுங்க. மருந்து. இப்ப மாஸ்க், பட்டையப் பிடிச்சு. கண்ண மூடிக்குங்க. மருந்து. போங்க, அந்தக் குழாய்ல கயித்தோட சோப்பு போட்டுக் கழுவுங்க. மஞ்சள் போனா போகட்டும்."

சந்தனமாரி புது மாஸ்க் ஒன்றை மாட்டிக்கொண்டு குழாயடியில் குனிந்து கழுவினாள். மஞ்சள் நீர் சுழித்துக்கொண்டு போயிற்று. கழுவிக்கொண்டே கேட்டாள்: "டாக்டர்ட்ட சொல்லப் போறியா?"

சத்யா கையிலிருந்த போனைப் பார்த்தாள். சொன்னால் சந்தனமாரி இன்றைக்கே வீட்டுக்கு. நாளைக்கு உள்ளே போகிற ஆள் யார் என்று இருவருக்கும் தெரியும்.

"கண்ணுல படல," என்றாள் கடைசியில். "பட்டிருந்தா இந்நேரம் போன் பண்ணியிருப்பேன்."

"படணும்னுதான பாத்துட்டு நின்ன?"

"ஆமா. நீங்க எப்படிப் பாத்தீங்க என்னை?"

"அப்படித்தான்."

"அப்புறம் என்ன? நாளைக்கும் பாப்பேன்."

"பாரு," என்றாள் சந்தனமாரி. ஈரக் கயிற்றைச் சட்டைக்குள் தள்ளி ஊக்கைக் குத்தினாள். "கண்ண எடுக்காமப் பாரு."

சத்யா அவளைத் தாண்டிக் கதவைப் பார்த்து அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சார் எப்படி இருக்கார்? சாப்பிட்டாரா?" என்று கேட்டாள்.

சந்தனமாரிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

"உன்னத்தான் கேட்டாரு," என்று சொல்லிவிட்டு நடைபாதைக்கு வந்தாள்.